தவணையில் ஸ்கூட்டரா, பணம் சேர்த்தா?

"மாதம் 2,889 ரூபாய்தான்" என்று ஷோரூமில் சொன்னால், எந்த வட்டிக் கணக்கு என்று முதலில் கேளுங்கள். 80,000 ரூபாய் கடனுக்கு 10 சதவீத ஃப்ளாட் வட்டி என்றால், 3 வருடத்தில் வட்டி மட்டும் 24,000. மாதாமாதம் அசல் குறைந்தாலும் வட்டி என்னவோ முழுத் தொகைக்கும்தான். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது ஏறக்குறைய 18 சதவீதம்!

வண்டி இல்லாமல் பிழைப்பே ஓடாது என்றால் கடன் வாங்கலாம், தப்பில்லை. முன்பணத்தைக் கூட்டிக் கட்டுங்கள். பஸ்ஸில் சமாளிக்க முடிந்தவர்கள் அதே தவணையை வங்கி ஆர்.டி.யில் போடுங்கள். இரண்டரை வருடத்துக்குள் 80,000 சேர்ந்துவிடும்.

கடன் முடிந்ததும் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் ஃபைனான்ஸ் பெயரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்கிவிடுங்கள். பலர் இதை மறந்து, வண்டியை விற்கும்போது அலைகிறார்கள்.