சூறாவளியின் கண்

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டு கிழமை கூட ஆகவில்லை. அன்றிரவு மட்டக்களப்புக் கரையோரத்தைத் தாக்கிய சூறாவளியை எங்கள் மூத்தம்மா "அந்தக் காத்து" என்றுதான் இன்றும் சொல்வார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. கிடுகுக் கூரை முதலில் பறந்துவிட்டதாம். பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் பெரியவர்கள் ஓதிக்கொண்டிருந்தார்களாம். பிறகு காற்று திடீரென நின்றது. "ஓஞ்சிட்டு" என்று சொல்லி அவருடைய காக்கா மாட்டைப் பார்க்க வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் காற்று மறுபக்கத்தால் வந்தது. தென்னை மரம் ஒன்று அவருடைய காலில் விழுந்தது. மௌத்தாகும் வரை அவர் நொண்டித்தான் நடந்தார்.

உயர்தரத்தில் புவியியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த அமைதிக்கு ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரிந்தது. அதுதான் சூறாவளியின் கண்.

கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகி, அந்தச் சூடு பல மீற்றர் ஆழம் வரை இருந்தால் நீராவி ஏராளமாக மேலே எழும். மேலே போய் அது முகிலாக ஒடுங்கும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பத்தால் காற்று இன்னும் விரைவாக மேலெழ, கீழே தாழமுக்கம் ஆழமாகும். சுற்றிலும் உள்ள காற்று அதை நோக்கி ஓடிவரும். பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வராமல் வளைந்து, வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுற்றும். மத்தியகோட்டுக்கு மிக அருகில் இந்த வளைக்கும் விசை மிகக் குறைவு. 5 பாகை அகலக்கோட்டுக்குள் சூறாவளிகள் உருவாவது அரிது என்பதற்குக் காரணம் இதுவே. எங்கள் நாடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில், அந்த எல்லையை ஒட்டித்தான் கிடக்கிறது. அடிக்கடி வராததால் நாம் மறந்துவிடுகிறோம்.

சுழலும் காற்றின் நடுவில், பல கிலோமீற்றர் அகலத்துக்கு, காற்று கீழிறங்கி வானம் வெளுத்திருக்கும். கண் என்பது இந்த இடமே. அதைச் சுற்றி நிற்கும் முகிற்சுவரில்தான் காற்று மிகக் கடுமை. கண் ஓர் ஊரைக் கடக்கும்போது முதலில் ஒரு பக்கச் சுவர் அடிக்கும், பிறகு அமைதி, பிறகு மறுபக்கச் சுவர் எதிர்த்திசையில் அடிக்கும். முதற் காற்றில் வேர் அசைந்துபோன மரங்கள் இரண்டாவது காற்றில் விழுகின்றன. வெளியே போகலாம் என்பதை வானத்தைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. வானொலியில் வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும் வரை உள்ளேயே இருக்க வேண்டும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாங்கிய தகரக் கூரை 120 இல் பறப்பதில் வியப்பில்லை.

ஆனால் காற்றை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் தவறு. 2025 நவம்பரில் வந்த டித்வா 1978 சூறாவளியைப் போல் கடுங்காற்றுடன் வரவில்லை. நாட்டின் மேல் மெதுவாக நகர்ந்து மழையைக் கொட்டியது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எங்கள் ராத்தாமார் எழுதிக்கொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடையில் நின்றது. கடலிலிருந்து எத்தனையோ மைல் தூரத்தில் இருப்பவர்களுக்கும் சூறாவளி எச்சரிக்கை தங்களுக்கானதுதான் என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

பெற்றோரிடம் ஒரு விடயம் சொல்ல வேண்டும். 1991 ஏப்ரலில் பங்களாதேஷைத் தாக்கிய சூறாவளியில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகம். வீட்டு ஆண்கள் வரும்வரை காத்திருந்ததும், பலர் நெருக்கியடிக்கும் புகலிடத்தில் மறைவு இராதே என்று தயங்கியதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் சில. எங்கள் வீடுகளிலும் இந்தத் தயக்கம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆகவே வாப்பாமாரே, "வெளியேறுங்கள்" என்று அறிவித்தல் வந்தால் உங்களுக்காகக் காத்திராமல் போகலாம் என்ற அனுமதியை இன்றைக்கே, வெயில் அடிக்கும்போதே தந்துவிடுங்கள். எந்தப் பாடசாலைக்கு, எந்த வழியால், யாருடன் என்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரும் பெண்களுக்குத் தனி அறையும் மலசலகூடமும் முன்கூட்டியே ஒதுக்கினால் பாதித் தயக்கம் போய்விடும்.

எங்கள் வீட்டில் ஒக்டோபர் முடிவதற்குள் ஒரு பை தயாராகிவிடும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி எல்லாம் பொலித்தீனில் சுற்றி உள்ளே இருக்கும். மூத்தம்மாவின் சீனி வருத்தத்துக்கான மருந்து, ரோச் லைற், பற்றரி வானொலி, பெண்பிள்ளைகளுக்குத் தேவையானவை, ஒரு தொழுகை உடுப்பு. கூரைமேல் சாய்ந்த கிளைகளை வாப்பா வெட்டுவார். 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்தைக் குசினிக் கதவில் தம்பி எழுதி வைத்திருக்கிறான். காற்று பலமாகுமுன் காஸ் சிலிண்டரைப் பூட்டுவதும் மின்சாரத்தின் பிரதான ஆளியை நிறுத்துவதும் என் வேலை. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் போடும்வரை கொதித்தாறிய நீர்தான்.

சென்ற முறை மழை விட்டதும் நான் வாசற்கதவைத் திறக்கப் போனேன். மூத்தம்மா கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வானொலியில் அறிவித்தல் வந்த பிறகே எழுந்தார்.