நிரூபிக்க முடியாத புகார் பொய்ப் புகார் அல்ல

"நிரூபிக்க முடியலைன்னா உன் மேலேயே ஆக்‌ஷன் எடுத்துடுவாங்க." அலுவலகத்தில் பாலியல் தொல்லை என்று ஒரு பெண் வாயைத் திறந்ததுமே இந்த வாக்கியம் முந்திக்கொண்டு வருகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியிலும் இதே பேச்சுதான், சென்னை ஐ.டி. அலுவலகத்திலும் இதே பேச்சுதான். புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்காருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இது தவறு. விவரம் தெரியாதவர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். மனிதவளத் துறையில் இருப்பவர்களே "நல்லா யோசிச்சுக்கோம்மா" என்று பயம் காட்டும்போது பொறுக்க முடியவில்லை.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பரப்பிய கதை இது. பொய் என்று தெரிந்தே புகார் கொடுத்தாலோ, கெட்ட நோக்கத்தோடு கொடுத்தாலோ, போலி ஆவணம் காட்டினாலோ நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்வது உண்மை. அதே பிரிவு அடுத்த மூச்சிலேயே இன்னொன்றும் சொல்கிறது. புகாரை மெய்ப்பிக்க முடியவில்லை, போதுமான ஆதாரம் இல்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. கெட்ட நோக்கம் இருந்தது என்றால் அதைத் தனியாக விசாரித்து நிறுவிய பிறகே பரிந்துரைக்க முடியும். இந்த இரண்டாம் பாதியை ஏன் யாரும் சொல்வதில்லை? சொன்னால் புகார் வந்துவிடுமே, அதனால்தான்.

ஆதாரம் என்றால் என்ன என்பதிலும் குழப்பம். வீடியோ வேண்டும், நேரில் பார்த்த சாட்சி வேண்டும் என்று நினைக்கிறார்கள். இது கொலை வழக்கு அல்ல. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோல் குற்றவியல் நீதிமன்றத்துக்கு உரியது. அலுவலக விசாரணையில், நடந்திருக்க வாய்ப்பு அதிகமா என்பதுதான் கேள்வி. எந்தப் பெண்ணின் வழக்கையும் இங்கே எழுத மாட்டேன், எழுதவும் கூடாது. விசாரணை நடக்கும் விதத்தை மட்டும் சொல்கிறேன். "என்கிட்ட ஆதாரமே இல்லை மேடம்" என்றுதான் பலரும் தொடங்குவார்கள். அன்றைக்கு எந்த ஷிஃப்ட், மறுநாள் ஏன் லீவு, முதலில் யாரிடம் அழுதாய் என்று கேட்டுக்கொண்டே போனால் வருகைப் பதிவேடு பேசும். மறுத்துப் பேசிய வாரமே அவளை வேறு லைனுக்கு மாற்றிய ஷிஃப்ட் பட்டியல் பேசும். இரவு பதினொரு மணிக்கு வந்த "தூங்கிட்டியா?" என்ற வாட்ஸ்அப் பேசும். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் குழுவுக்கும் உண்டு. எல்லாவற்றையும் அந்தப் பெண்ணே சேகரித்துக் கையில் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம் கேட்காத ஒன்று.

அடுத்தது வம்புப் பேச்சு. "மேனேஜரை எப்படி மடக்கினாளோ, ப்ரமோஷன் வாங்கிட்டா" என்று கேன்டீனில் பேசுவதை வெறும் பேச்சு என்று ஒதுக்கச் சொல்கிறார்கள். பாலியல் சாயம் பூசிய பேச்சே துன்புறுத்தல் என்று சட்டத்தின் வரையறையில் இருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே ஒரு மூடி இருக்கிறது: புகாரின் விவரம், புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள் யாருடைய அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. புகாரைக் கையாளும் பொறுப்பில் உள்ளவரே வெளியே விட்டால் அவரிடமிருந்து 5,000 ரூபாய் வசூலிக்க வேண்டும்.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்காவிட்டால் போயிற்று என்பதும் முழு உண்மை அல்ல. தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளி, தினக்கூலி, பயிற்சியாளர், வீட்டு வேலை செய்பவர் எல்லாருக்கும் இந்தச் சட்டம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. "பேசி முடிச்சுக்கலாம்" என்று முதலாளி அழைக்க முடியாது. சமரசத்தை அந்தப் பெண்தான் கேட்க வேண்டும், அதிலும் பணம் கைமாறக் கூடாது.

படித்த பெண்களுக்கான சட்டம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. இதன் வேர் ராஜஸ்தான் கிராமம் ஒன்றில் இருக்கிறது. அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் சொற்ப ஊதியத்துக்கு உழைத்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையடுத்துத் தொடுத்த வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய விசாகா தீர்ப்பைத் தந்தது. நம் ஊரில் "விசாகா கமிட்டி" என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்தது.

என் தீராத மனக்குறை ஒன்று உண்டு: அறிவிப்புப் பலகை. குழுவை அமைத்த உத்தரவையும் துன்புறுத்தலுக்கான தண்டனையையும் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. பல இடங்களில் அது மேலாளர் அறைக் கதவுக்குப் பின்னால், ஆங்கிலத்தில், ஓராண்டுக்கு முன்பே வேலையை விட்டுப் போன தலைவியின் பெயரோடு தொங்குகிறது. பஞ்ச் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், பெண்கள் கழிப்பறைக்குள்ளும் ஒட்டுங்கள். தமிழில் எழுதுங்கள், ஒடிசா, பீகார் பெண்கள் தைக்கிற இடமென்றால் ஒடியாவிலும் இந்தியிலும் எழுதுங்கள். இன்றைய உறுப்பினர்களின் பெயரும் கைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் என்பதையும் அதன் அடியிலேயே அச்சடித்துவிடுங்கள்.