மார்பகப் புற்றுநோயும் கதிர்வீச்சுச் சிகிச்சையும்

எம்மிடம் முன்னர்க் கற்ற மாணவர் ஒருவர், தம் அன்னையாரின் வைத்திய அறிக்கைகளோடு எமது இல்லம் வந்தார். அன்னையாரின் மார்பகத்தில் தோன்றிய கட்டி சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்டிருந்தது. கதிர்வீச்சும் வேண்டும் என்றார் வைத்தியர். "கட்டிதான் போயிற்றே, இனி இது எதற்கு?" என்றனர் சுற்றத்தார். தமிழாசிரியராகிய எம்மிடம் அவர் நாடியது மருந்தன்று. ஆராய்ந்து துணியும் முறையினையே. அதன்பொருட்டு யாம் கற்றறிந்தவற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கின்றோம்.

ஊரவர் இச்சிகிச்சையைக் "கரண்டு" என்பர். இது மின்சாரமன்று, ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்களைக் குறித்த இடத்திற் செலுத்துவதாகும். கதிர்கள் நோய்க்கலங்களின் மரபுப் பொருளைச் சிதைத்து, அவை பெருகாவண்ணம் தடுக்கும். நலமுள்ள கலங்களும் ஊறுபடுமாயினும், தம்மைச் செப்பனிடும் ஆற்றல் அவற்றுக்கு மிகுதி. ஆதலின் முழு அளவையும் ஒருங்கே கொடாது, பல நாட்களிற் பகிர்ந்து கொடுப்பர்.

கட்டி நீங்கிய பின்னும் இஃது எதற்கு? தோட்டத்திற் கோரையைக் களைந்தவன், மண்ணுட் கிழங்கு எஞ்சியிருக்குமோ என ஐயுறுகின்றான் அன்றோ? அவ்வாறே கண்ணுக்கும் கருவிக்கும் புலனாகாத கலங்கள் எஞ்சியிருத்தல் கூடும்.

இதனை ஆய்வுகள் தெளிவுறுத்தின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹால்ஸ்ரெட் என்னும் அமெரிக்க வைத்தியர் பரப்பிய முறைப்படி, மார்பகத்தையும் அதன் கீழுள்ள தசையையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றி வந்தனர். 1976இல் பேர்னாட் பிஷர் தலைமையில் தொடங்கிய ஆய்வு, முழு மார்பகமும் அகற்றப்பட்டோர், கட்டி மட்டும் அகற்றப்பட்டோர், கட்டி அகற்றிக் கதிர்வீச்சும் பெற்றோர் என்னும் மூவகையினரை ஒப்புநோக்கிற்று. 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்தன. மூவகையினரின் வாழ்நாளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயின், கட்டி மட்டும் அகற்றப்பட்டோருள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டது. கதிர்வீச்சும் பெற்றோருள் 14 பேருக்கே மீண்டது.

ஓர் ஆய்வில் தோன்றாத சிறு வேறுபாடு, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்குமிடத்துப் புலனாகும். 2011இல் 17 ஆய்வுகளின் 10,801 பெண்களைத் தொகுத்து நோக்கினர். கதிர்வீச்சால், 10 ஆண்டுகளுள் நோய் மீளுதல் நூற்றுக்கு 35இலிருந்து 19 ஆகவும், 15 ஆண்டுகளுள் இந்நோயால் இறத்தல் 25இலிருந்து 21 ஆகவும் குறைந்தன. ஏறத்தாழ நான்கு மீள்வுகள் தடுக்கப்படுமிடத்து ஓருயிர் காக்கப்படுகின்றது.

எனினும் இப்பயன் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. 65 வயதும் அதற்கு மேலும் உடையராய், சிறிய கட்டியும், நோய் பரவாத கணுக்களும், ஓமோனுக்கு இணங்கும் நோயும் கொண்டு, ஓமோன் தடுப்பு மாத்திரையும் பெற்ற பெண்களை ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வொன்றின் 10 ஆண்டு முடிவு 2023இல் வெளிவந்தது. கதிர்வீச்சுப் பெறாதோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கும், பெற்றோருள் ஒருவருக்கும் அதே மார்பகத்தில் நோய் மீண்டது. உயிரோடிருந்தோர் இருசாராரிலும் நூற்றுக்கு 81 பேர். இத்தகையோர் வைத்தியரோடு கலந்து கதிர்வீச்சைத் தவிர்க்கலாம். ஆயின் மாத்திரையைத் தவறாது உண்ணுதல் இன்றியமையாதது. இளவயதினர்க்கும் கணுக்களில் நோய் பரவியோர்க்கும் இம்முடிவு பொருந்தாது. மார்பகம் முழுதும் அகற்றப்பட்டோர்க்கும் சில நிலைகளிற் கதிர்வீச்சு வேண்டப்படும்.

இனி, இழப்பினையும் எண்ணுதல் வேண்டும். தோல் சிவத்தலும் களைப்பும் பலர்க்கு உண்டாகி, பெரும்பாலும் சில வாரங்களில் நீங்கும். மார்பகம் சிறுத்தலும் இறுகுதலும் நேரலாம். அரிதாக நுரையீரல் அழற்சியுறும். இடப்பக்க நோயாயின் இதயத்திற் படும் கதிரின் அளவைக் கேட்டறிதல் நன்று. மூச்சை உள்ளிழுத்து நிறுத்தி அவ்வளவைக் குறைக்கும் முறையும் உண்டு. புறத்திலிருந்து செலுத்தும் இக்கதிரால் தலைமயிர் உதிராது. உடலிற் கதிர் தங்காது. பேரக்குழந்தையை மடியில் வைத்திருத்தலுக்குத் தடையில்லை.

நாட்களும் ஓர் இழப்பே. வடபுலத்திலிருந்து மகரகமை சென்று தங்கிச் சிகிச்சை பெற்ற குடும்பங்கள் அதனை நன்கறியும். முன்னர் 5 வாரங்களில் 25 முறை கொடுத்ததனை, 3 வாரங்களில் 15 முறையாகக் குறைத்தனர். 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, ஒரு வாரத்தில் 5 முறை கொடுத்தலும் ஏற்றதெனக் காட்டிற்று. எம்முறை தமக்கு ஏற்றதென வைத்தியரைக் கேட்டல் நோயாளரின் உரிமை.

வள்ளுவர் "தெரிந்து செயல்வகை" என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் அரசியலின்கண் வைத்தார். நோயுற்றார் இல்லத்துக்கும் அது வேண்டும். "கதிர்வீச்சின்றி நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் மீளும்? பெற்றால் எத்தனை பேருக்கு? எம் உடல்நிலைக்கு வரத்தக்க தீங்கு யாது?" என்னும் மூன்று வினாக்களையும் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் செல்க.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த மாணவரிடம் இறுதியாக ஒன்று வினவினோம்: "அம்மா என்ன சொல்கிறார்?" அவர் தலை கவிழ்ந்தார். தந்தையாரும் மாமன்மாரும் கூடிப் பேசினராம். அன்னையாரை ஒருவரும் கேட்டிலர். "தம்பி, இக்கடதாசிகளை முதலில் அவரிடம் கொடும், அவர் அருகிலிருந்து வாசித்துக் காட்டும்" என்று கூறி அனுப்பினோம். நோயும் உடலும் அவருடையன. துணிவும் அவருடையதாதல் வேண்டும். சுற்றத்தார் கடன் துணை நிற்றலே.