உள்ளே போனால் போதுமா?

தாத்தாவின் பழைய 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி, உரிமத்தோடு என் பெயருக்கு வந்திருக்கிறது. கடையில் வாங்கிய 70 மி.மீ. தோட்டா அதில் கச்சிதமாக உட்காருகிறது. சுடலாமா? – வாசகர், கூடலூர்

இப்போதைக்கு வேண்டாம். தோட்டா உள்ளே போய்விட்டது என்பதை மட்டும் நம்பிச் சுடவே கூடாது. பெட்டியில் போட்டிருக்கும் 70, சுட்டபின் வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடுவதற்கு முன் மடிந்த வாயோடு அது சுமார் ஒரு சென்டிமீட்டர் குட்டை. அதனால்தான் 65 மி.மீ. தோட்டா அறையிலும் சமர்த்தாக உட்காருகிறது. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் குண்டுகளின் பாதையை நெரிக்கும், அழுத்தம் ஏறும். பழைய குழல் தாங்காமல் போகலாம்.

குழலைக் கழற்றித் திருப்பி, அடிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். 65 அல்லது 2½ என்று பொறித்திருந்தால் 65 மி.மீ. தோட்டா மட்டுமே. 70 அல்லது 2¾ என்றால், குழலும் நல்ல நிலையில் இருந்தால், நீங்கள் வாங்கியதே பொருந்தும். எண்ணே தெரியவில்லையா? உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் அறையை அளக்கச் சொல்லுங்கள். பழைய குழல் என்பதால் தேய்மானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தாத்தாவின் பெட்டியில் மஞ்சள் நிறத் தோட்டா கிடந்தால் உடனே தனியே எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது 20 போர். 12 போர் குழலில் போட்டால் நழுவி உள்ளே சிக்கிக்கொள்ளும், வெளியே தெரியாது. அறை காலியென்று அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும், இடது கைக்குப் பக்கத்திலேயே.