வெள்ளை நாயை வரையும்போது

ராஜபாளையம் நாயை வரையச் சொன்னால் புதிதாக வரைகிறவர்களுக்குச் சந்தோஷம். புள்ளி இல்லை, வரி இல்லை, சுலபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் கேன்வாஸில் நிற்பது மாவில் புரட்டி எடுத்த நாய்.

முதலில் போட்டோ. செல்போனை முகத்தருகே நீட்டி எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். ராஜபாளையத்தின் நீண்ட முகத்துக்கு அது இன்னும் மோசம். ஆறேழு அடி தள்ளி, நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஜூம் செய்து எடுக்கும்படி நாயை வளர்ப்பவரிடம் சொல்லுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ பளிச்சிட்டு, இந்த இனத்துக்கே உரிய பொன்னிறம் காணாமல் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தில் ஒரு பக்கம் நிழல் விழுந்த படம்தான் வேண்டும். நிழலே இல்லாத படத்தை நான் வாங்குவதில்லை.

பென்சிலில் அளவு பார்த்து வரைந்துகொள்ளுங்கள். பின்னணியை முதலில் பூசிவிடுங்கள், மங்கிய பச்சையோ மண் நிறமோ. வெறும் கேன்வாஸின் வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த வெள்ளையும் சரியாகத் தெரியாது.

இனி ரோமம். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். டைட்டானியம் ஒயிட் டியூபை இப்போது தொடாதீர்கள். மேசையிலிருந்தே எடுத்துவிட்டாலும் நல்லது. சாம்பல் நிற அட்டையில் பட்டாணி அளவு ஓட்டை போட்டு, பிரின்ட் எடுத்த போட்டோவின் மேல் நகர்த்திப் பாருங்கள். வெள்ளை என்று நீங்கள் சத்தியம் செய்த இடமெல்லாம் சாம்பல், நீலம், காவி என்று வரும். சிவப்பு சிமென்ட் தரையில் உட்கார்ந்த நாய் என்றால் தாடைக்கு அடியிலும் மார்பிலும் லேசாகச் செம்மை ஏறியிருக்கும். அதை விட்டால் நாய் அந்தரத்தில் மிதக்கும்.

நிழலுக்குக் கறுப்பு கலக்க வேண்டாம், அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா சேர்த்தால் நல்ல சாம்பல் கிடைக்கும். அதில் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நான்கைந்து படிகள் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் காய்ந்ததும் சற்று இருளும் என்பதால் ஒவ்வொன்றையும் ஒரு நூல் வெளிறலாகவே கலக்குங்கள். நிழல் பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு வெளிச்சப் பக்கம் வாருங்கள். சுத்த வெள்ளை நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் வெளிச்சம் நேராக விழும் ஓரிரு இடங்களில் மட்டும், அதுவும் கடைசியில்.

ஒவ்வொரு முடியாக இழுக்க வேண்டாம். ராஜபாளையத்துக்குக் குட்டை ரோமம். தோளும் விலாவும் அடியில் தெரிய வேண்டும். பொடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மணிக்கணக்காக முடி வரைகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. காது ஓரத்தில் நாலு இழுப்பு போதும். காதுக்குள் தோலின் இளஞ்சிவப்பு தெரியட்டும்.

கண்ணுக்கு எல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும். மேல் இமை நிழல் விழுவதால் விழியின் மேல்பாதி இருட்டாக இருக்கும். ஒளிப்புள்ளி கண்ணுக்கு ஒன்றுதான், ஜன்னல் இருக்கும் பக்கம். மூக்கின் இளஞ்சிவப்பை டியூபிலிருந்து அப்படியே எடுத்தால் பொம்மை மூக்கு. பழுப்பு தொட்டு மட்டுப்படுத்துங்கள்.

2005-இல் அஞ்சல்தலையில் ஏறிய இனம் இது. வளர்ப்பவர்களுக்கு அந்தப் பெருமை உண்டு. முழு உருவம் கேட்டால் ஆழ்ந்த மார்பையும் ஒட்டிய வயிற்றையும் மழுப்பாதீர்கள், முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். கழுத்துப்பட்டை வேண்டுமா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். காய்ந்த வெள்ளை மேல் சிவப்புப் பட்டையை எப்போது வேண்டுமானாலும் போடலாம். போட்ட சிவப்பை வெள்ளையால் மறைப்பதற்குள் பூச்சுமேல் பூச்சாக டியூப் காலியாகிவிடும்.