கற்றுக்கொண்டு போய்விடுவானே! – உதைபந்தாட்டக் கழகங்கள் வியாபாரிக்குத் தரும் பாடம்



நமது பகுதி முதலாளிமார் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் முன்பெல்லாம் சரக்கு விலையைப் பற்றியும் கடன் வசூலைப் பற்றியும்தான் பேசுவார்கள். இப்போது பேச்சு வேறு. கடைக்கு ஆள் இல்லை. நின்றவன் கத்தாருக்குப் போய்விட்டான். இன்னொருவன் இரண்டு வருடம் நின்று தொழிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டான். பேச்சின் முடிவில் எல்லோரும் ஒரே தீர்ப்புக்குத்தான் வருகிறார்கள்: "சொல்லிக்கொடுத்து என்ன பலன்? கற்றுக்கொண்டு போய்விடுவான்."

கல்முனையானாலும் சாய்ந்தமருதானாலும் நிந்தவூரானாலும் அக்கரைப்பற்றானாலும் இந்தத் தீர்ப்பில் மாற்றமில்லை. இதன் விளைவு என்ன? யாரும் யாருக்கும் தொழில் சொல்லிக்கொடுப்பதில்லை. முதலாளி நோயில் விழுந்தால் கடையும் படுத்துவிடுகிறது. ஆகவே இது விளையாட்டான விடயமல்ல. ஆயினும் இதற்கு நல்ல பதில் விளையாட்டு மைதானத்தில்தான் இருக்கிறது.

தொழில்முறை உதைபந்தாட்டக் கழகமும் ஒரு வியாபார நிறுவனமே. அதன் பிரதான சரக்கு மனிதன். அந்தச் சரக்கு என்றோ ஒருநாள் எழுந்து போய்விடும் என்பது கழகத்துக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டும் பத்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பத்து வருடம் சோறு போட்டு வளர்க்கிறார்கள். அவர்கள் முட்டாள்களா? கணக்கைப் பார்ப்போம்.

வாங்குவதா, வளர்ப்பதா?

நல்ல ஆள் தேவைப்பட்டால் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, வேறொருவர் வளர்த்த ஆளைக் கூடுதல் காசு கொடுத்து எடுப்பது. மற்றது, நாமே வளர்ப்பது.

நமது தேசிய உதைபந்தாட்ட அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டெம்பரில் இலங்கை அணி கம்போடியாவை பெனால்டி உதைகளில் வென்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் போட்டியின் இறுதிச் சுற்றில் இடம்பிடித்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அக்காலத்து அணியில் முக்கிய இடங்களில் நின்றவர்களில் பலர், இலங்கை வேர்களைக் கொண்டிருந்தாலும் ஜேர்மனி, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் பந்தைப் பழகியவர்கள். அவர்கள் வந்தது நன்மையே. எனினும் அவர்களை வளர்த்த மைதானம் நம்முடையதல்ல. வளர்த்த ஆளை எடுப்பவன் இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்கிறான். நாளைக்கும் அவன் வெளியேதான் தேடிப் போகவேண்டும். கடைக்கும் இதே நியாயம்தான்.

ஜாம்ஷெட்பூரின் கணக்கு

இந்தியாவின் ஜாம்ஷெட்பூர் இரும்புத் தொழிலால் உருவான நகரம். அங்கே டாட்டா இரும்புக் கம்பனி 1987 ஆம் ஆண்டு டாட்டா உதைபந்தாட்ட அகடமியை ஆரம்பித்தது. நாட்டின் பல பாகங்களிலுமிருந்து சிறுவர்களைத் தெரிவுசெய்து, விடுதியில் தங்கவைத்து, பந்தோடு பள்ளிப் படிப்பையும் கொடுத்து நான்கு வருடம் பயிற்றுவிப்பது அதன் ஏற்பாடு.

கவனிக்கவேண்டியது இதுதான். அந்தக் காலத்தில் டாட்டாவுக்கென்று முதல்தரத் தொழில்முறைக் கழகம் ஒன்று இருக்கவில்லை. பயின்று முடித்தவன் நிச்சயமாக வேறு கழகத்துக்குத்தான் போவான். கார்ல்டன் சாப்மன் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்குப் போனார். ரெனடி சிங், மகேஷ் கவ்லி, தீபக் மண்டல், சுப்ரதா பால் என்று இந்தியத் தேசிய அணியின் தூண்களாக நின்ற பலர் அங்கிருந்து வெளியேறியவர்களே. முப்பது வருடமாக டாட்டா வளர்த்தது, மற்றவர்கள் ஆடவைத்தார்கள்.

நட்டம்தானே என்று கேட்கலாம். இல்லை. "அங்கே படித்தவன்" என்ற சொல்லே ஒரு சான்றிதழாகிவிட்டது. 2017 ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் போட்டிக்காக ஜாம்ஷெட்பூர் கழகத்தை டாட்டா ஆரம்பித்தபோது ஆள் வளர்க்கும் அனுபவம் முப்பது வருடமாகக் கையில் இருந்தது. அந்தப் புதிய கழகத்தின் கோலைக் காக்க வந்தவர், அகடமியில் வளர்ந்து வெளியே போய்ப் பெயரெடுத்த அதே சுப்ரதா பால். 2021-22 பருவகாலத்தில் லீக் சுற்றில் முதலிடம் பெற்றுக் கேடயத்தையும் அக்கழகம் வென்றது. போனவன் எல்லோரும் தொலைந்தவன் அல்ல. மரியாதையோடு அனுப்பப்பட்டவனுக்குத் திரும்பிவரும் பாதை தெரியும்.

அயாக்ஸ் பட்ட அடி

ஆனால் நல்ல மனது மட்டும் போதாது, கடதாசியும் வேண்டும். இதற்கு ஒல்லாந்தின் அயாக்ஸ் கழகம் சாட்சி. 1995 மே 24 அன்று வியன்னா நகரில் இத்தாலியின் ஏ.சி. மிலானை 1-0 என வென்று ஐரோப்பாவின் சம்பியன் கிண்ணத்தை அயாக்ஸ் எடுத்தது. கோலை அடித்தவர் பட்ரிக் குளூய்வர்ட். வயது 18. அந்த அணியில் பலர் அயாக்ஸின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த இளைஞர்கள்.

அதே வருடம் டிசம்பர் 15 ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் என்ற வீரரின் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வேறு கழகத்துக்குப் போனால் பழைய கழகம் காசு கேட்க முடியாது என்பதே அதன் சாரம். பிறகு நடந்ததைப் பாருங்கள். 1996 இல் டாவிட்ஸும் ரெய்சிகரும், 1997 இல் குளூய்வர்ட்டும் ஒப்பந்தம் முடிந்து ஒரு சதமும் இல்லாமல் வெளியேறினார்கள். போய்ச் சேர்ந்த இடம், அவர்களிடம் தோற்ற அதே மிலான்!

அயாக்ஸ் என்ன செய்தது? "இனிப் பிள்ளைகளை வளர்க்கமாட்டோம்" என்று கதவைப் பூட்டவில்லை. வளர்ப்பதைத் தொடர்ந்தது, ஒப்பந்தத்தில் கவனமானது. ஒன்பது வயதில் வந்த மத்தைஸ் டி லிக்ட்டை 18 வயதிலேயே அணித்தலைவராக்கியது. 2019 இல் அவரது ஒப்பந்தம் முடியுமுன் ஜுவென்டஸ் கழகத்துக்கு 75 மில்லியன் யூரோவுக்குக் கொடுத்தது. ஆள் போனார். ஆனால் போகுமுன் உழைத்துக் கொடுத்தார், போகும்போதும் கொடுத்துவிட்டுப் போனார்.

இடம் கொடாத செல்சி

இன்னொரு தவறும் உண்டு. இலண்டனின் செல்சி கழகத்து இளையோர் அணி 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து வருடம் இங்கிலாந்தின் இளையோர் கிண்ணத்தை வென்றது. ஆயினும் பெரிய அணியில் அப்பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது. வெளியில் வாங்கிய வீரர்களே ஆடினார்கள். 2019 இல் பீபா அமைப்பு புதிய வீரர்களை வாங்க செல்சிக்குத் தடை விதித்தது. வேறு வழியின்றி மேசன் மவுன்ட், டெமி ஏப்ரகாம், ரீஸ் ஜேம்ஸ் போன்ற வீட்டுப் பிள்ளைகளை இறக்கினார்கள். அவர்கள் அந்தப் பருவகாலத்தில் அணியை லீக்கில் நான்காம் இடத்துக்குக் கொண்டுவர உதவினார்கள்.

பத்து வருடம் நின்ற பொடியனை இன்னும் தேநீர் வாங்க அனுப்பிக்கொண்டு, வெளியூரிலிருந்து ஒரு முகாமையாளரைக் கொண்டுவந்து கல்லாவில் இருத்தும் முதலாளிக்கு இந்தச் சம்பவம் போதும்.

வளர்த்தவனுக்கும் பங்குண்டு

வளர்த்தவனின் உழைப்பை உலகமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பீபா 2001 ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு வீரர் ஒப்பந்தம் முடியுமுன் நாடுவிட்டு நாடு விற்கப்பட்டால் அந்தத் தொகையில் 5 வீதம் அவரை வளர்த்த கழகங்களுக்குச் சேரவேண்டும். 12 முதல் 15 வயது வரை வருடமொன்றுக்கு 0.25 வீதம், 16 முதல் 23 வரை 0.5 வீதம். உதாரணமாக ஒருவர் பத்துக் கோடிக்குப் போனால், 12 முதல் 15 வயது வரை நான்கு வருடம் அவரை வைத்திருந்த சிறு கழகத்துக்குப் பத்து இலட்சம் கிடைக்கும்.

கடைத்தெருவில் பீபா இல்லை. நம்மிடம் தொழில் பழகியவனைச் சேர்த்துக்கொண்ட அடுத்த முதலாளியிடம் நாம் பங்கு கேட்க முடியாது. அவனுடைய ரிஸ்கை மறிக்கவும் நமக்கு அதிகாரமில்லை. ஆனால் நமக்கு அதைவிட நல்ல வழி மார்க்கத்திலேயே இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

கடையில் செய்யவேண்டியவை

1. பயிற்சிக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். கூட்டுவதும் சுமப்பதும் வேலை, பயிற்சியல்ல. முதல் ஆறு மாதம் சரக்கின் பெயரும் தரமும் இருப்பும். அடுத்தது வாடிக்கையாளரோடு பேச்சு, அளவை, பில். அதன் பின் கடன் கொப்பியும் கல்லாவும். கடைசியாகக் கொள்வனவு. எந்தப் படியில் நிற்கிறான், அடுத்த படி எப்போது என்பது அவனுக்கும் தெரியவேண்டும். படி தெரிந்தவன் அவசரப்பட்டு ஓடமாட்டான்.

2. எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தவணைக் கடனை எழுதிவைக்கும்படி பணிக்கும் மார்க்கம் நம்முடையது. மனிதனின் உழைப்பு கடனைவிட மலிவானதா? எத்தனை வருடம், என்ன சம்பளம், எப்போது உயர்வு, விலகுவதானால் எத்தனை மாத அறிவித்தல் என்பவை ஒரு தாளில் இருக்கட்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதமும் ஊழியரின் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதமும் செலுத்துவது சட்டம். 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்துவது குற்றம் என்பதையும் மறக்கவேண்டாம்.

3. படிப்பை நிறுத்தாதீர்கள். அகடமிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பெரிய வீரராவதில்லை என்பதால்தான் நல்ல கழகங்கள் பள்ளிப் படிப்பையும் கூடவே கொடுக்கின்றன. நம்மிடம் நிற்பவன் கணனி வகுப்புக்கோ கணக்கியல் வகுப்புக்கோ போக மாலையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். மின்னிணைப்பு, மரவேலை, தையல், வாகனத் திருத்தம் போன்ற தொழில் செய்வோர் நைட்டா என்று அழைக்கப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையை அணுகினால் தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழுக்கு வழி உண்டு. பாடநெறி படிக்காமல் அனுபவத்தால் தேர்ந்தவர்களையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

4. தயாரானவனுக்கு இடம் கொடுங்கள். வாரத்தில் ஒருநாள் கடையை அவன் கையில் ஒப்படையுங்கள். கணக்கை மாலையில் பாருங்கள். பிழை விட்டால் ஆட்கள் முன்னால் ஏசவேண்டாம். சிறுவராக வந்து பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறையேனும் கடிந்துகொண்டதில்லை என்பதை நாம் அறிவோம். அதைப் பயானில் கேட்டால் மட்டும் போதுமா? உங்கள் மகனுக்கும் இதே படிகள்தான். சரக்கைத் தொடாத மகன் கல்லாவில் ஏறினால் கடையில் நிற்பவர்களின் மனம் அன்றே வெளியேறிவிடும்.

5. போகிறவனைப் பங்காளியாக்குங்கள். நல்லவன் சொந்தமாகத் தொழில் செய்ய ஆசைப்படுவது இயற்கை. அவன் எதிர்க்கடை போடும்வரை காத்திராமல் நீங்களே முந்திக்கொண்டு முழாரபா முறையில் ஒரு கிளையைத் திறந்து கொடுக்கலாம். மூலதனம் உங்களது, உழைப்பு அவனது, இலாபம் முன்கூட்டியே பேசிய விகிதத்தில். அவனது கவனயீனமோ வரம்புமீறலோ இன்றி நட்டம் வந்தால் மூலதனத்தின் நட்டம் உங்களைச் சேரும், அவனுக்கு அவன் உழைப்பு வீண். நபி (ஸல்) அவர்கள் இளமையில் கதீஜா (ரழி) அவர்களின் சரக்கோடு ஷாம் தேசம் சென்றதும் உழைப்பும் மூலதனமும் நம்பிக்கையில் சேர்ந்த வியாபாரம்தான். விபரங்களை உலமாக்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் சம்பளப் பாக்கியைத் தீர்த்து, துஆச் செய்து அனுப்புங்கள். நாளை அவன் கடை போட்டால் மொத்தச் சரக்குக்கு முதலில் உங்களிடம் வருவதற்கு அதுவே காரணமாகும்.

கடைசியாக ஒரு கணக்கு

ஒருவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தால் அவன் போய்விடக்கூடும். உண்மைதான். ஆனால் போகும்வரை ஐந்து வருடம் தேர்ந்த ஆளின் உழைப்பு உங்களுக்குக் கிடைக்கிறது. சொல்லிக்கொடுக்காவிட்டால் அதே ஐந்து வருடமும் தொழில் தெரியாத ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்து, அவன் விடும் பிழைகளுக்கும் நீங்களே காசு கட்டுகிறீர்கள். கெட்டிக்காரன் முதலில் போய்விடுவான், கையாலாகாதவன் கடைசிவரை நிற்பான். எது நட்டம் என்பதை உங்கள் கணக்குக் கொப்பியே சொல்லும்.

நம்மை நம்பிக் கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை நம்மிடம் ஒரு அமானிதம். அதைப் பேணி வளர்த்து, நம் ஊர்களில் நம் பிள்ளைகள் தொழிலோடு தலைநிமிர்ந்து நிற்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.