லயத்து நாய்களும் வீடு மாறும் குடும்பங்களும்



பேராவில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி நமது சுகாதாரப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருந்தார். தோட்டம் கைமாறிவிட்டதாம். லயத்தைக் காலி செய்ய மூன்று மாதத் தவணை. போகப் போவது நாலாவது மாடி வீடு. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"டிரஸர் ஐயா, எங்க வீட்டுல மூணு நாய் இருக்கு. ஒண்ணு கெழம், பத்து வயசு. ஒண்ணு பொட்டை, இப்பத்தான் ஆறு குட்டி போட்டுருக்கு. இன்னொண்ணு வாலிபக் கடுவன். மாடி வீட்டுல நாய் வளக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பசார் பக்கம் விட்டுட்டா யாராச்சும் சோறு போடுவாங்கன்னு வீட்டுக்காரரு சொல்றாரு. எனக்கு மனசு கேக்கல. என்ன செய்யிறது?"

சுகாதாரப் பகுதியில் நாய்க்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை உண்டு. நாய் இருக்கும் வீட்டில் குழந்தையின் உடம்பும் நாயின் உடம்பும் தனித்தனிக் கணக்கு அல்ல. அதோடு, ஆளில்லாத லயத்தில் விட்டுப்போன நாய்கள் பசியில் கூட்டம் சேர்ந்து அலையும்போது கடிபடுவது பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான்.

எனக்கும் இதில் ஒரு பழைய கடன் இருக்கிறது. நான் வேலை பார்த்த தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது எங்கள் லயத்திலிருந்து லாரி கிளம்பியது. செவலை நிறத்தில் எங்களிடம் ஒரு நாய் இருந்தது. இராத்திரி பெரட்டுக்குப் போகும் வழியில் பாம்பு கிடந்தால் எனக்கு முன்னால் நின்று குரைக்கும். அது லாரிக்குப் பின்னாலேயே ஸ்டோர் வரை ஓடி வந்தது. 'பக்கத்து லயத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று நான் நினைத்தேன். பக்கத்து லயத்துக்காரர்களும் அடுத்த வாரம் போய்விட்டார்கள். ஆகவே இந்தச் சகோதரிக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, கடமை இருக்கிறது.

முதலில் பசார் யோசனையை விட்டுவிடுங்கள். லயத்தில் வளர்ந்த நாய்க்குக் கார் ஓடும் சாலை தெரியாது. பசாரில் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் புதிய நாயைச் சேர்க்காது. நகராண்மைக் கழகத்தார் பிடித்தால், கழுத்தில் பட்டையும் லைசென்சும் இல்லாத நாய்க்குக் கேட்பார் இல்லை. சட்டமும் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது கொடுமைக் குற்றம். அதற்குக் குறைந்தது 20,000 ரிங்கிட், கூடினால் 1 இலட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பால் வெட்டிப் பிழைப்பவன் எந்த ஜென்மத்தில் அதைக் கட்டி முடிப்பான்?

'விலங்குக் காப்பகத்தில் கொண்டுபோய் விடலாமே' என்பார்கள். அம்பாங்கில் சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. இருக்கிறது, பினாங்கிலும் ஒன்று இருக்கிறது, தனியார் நடத்துபவையும் உண்டு. ஆனால் எல்லா இடமும் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். முன்கூட்டிப் போன் பண்ணிக் கேட்காமல் பெட்டியில் குட்டிகளை வைத்து வாசலில் விட்டுவிட்டு வருவது உதவி அல்ல. தடுப்பூசி போடாத குட்டி ஒன்று நோயோடு உள்ளே போனால் அங்குள்ள குட்டிகளும் சேர்ந்து சாகும். காப்பகத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு நாமே வீடு தேட வேண்டும். மூன்று மாதம் இருக்கிறது. அது போதுமான காலந்தான்.

இனிக் குட்டிகள். ஆறு குட்டி என்றதும் வந்தவர் போனவர் எல்லாம் தூக்கிக் கொண்டு போவார்கள். எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. முன்னே பிரித்த குட்டிக்கு எதிர்ப்புச் சக்தியும் குறைவு, கடித்து விளையாடும் அளவும் தெரியாது. கூடப் பிறந்த குட்டி கத்தும்போதுதான் 'இவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும்' என்பதை ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது.

தோட்டத்துக் குட்டிகளை அள்ளிக்கொண்டு போவது பார்வோ என்னும் நோய். முதல் நாள் சோர்ந்து படுக்கும், மறுநாள் வாந்தி, பிறகு நாற்றமடிக்கும் இரத்தப் பேதி. 'கண்ணு பட்டுருச்சு' என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சுற்றிப் போடுவது உங்கள் விருப்பம், ஆனால் அந்தக் கிருமி அதற்கெல்லாம் பயப்படாது. செத்த குட்டி படுத்திருந்த மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த இடத்திலேயே அடுத்த குட்டியைக் கொண்டுவந்து கட்டினால் அதுவும் போகும். சிமெண்டுத் தரையானால் குளோரெக்ஸ் கலந்த நீரால் கழுவலாம். சோப்பு மட்டும் போதாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை. இதுதான் முறை. முதல் ஊசியையாவது போட்டு, ஊசி அட்டையோடு குட்டியைக் கொடுங்கள். வாங்குகிறவரும் மதிப்பார்.

குடற்புழு மருந்தும் அவசியம். இது நம் பிள்ளைகளுக்காகவும்தான். நாயின் மலத்தில் வரும் கொக்கிப்புழு, மண்ணில் குஞ்சு பொரித்து வெறுங்காலின் தோல் வழியாக நுழையும். பாதத்தில் சிவப்புக் கோடு போலப் புண் ஊர்ந்து போய் அரிப்பெடுத்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. உருளைப்புழுவின் முட்டை, கழுவாத கை வழியாகச் சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும். சில சமயம் கண்ணையும் கெடுக்கும். லயத்து வாசலில் நாய் மலம் கிடந்தால் அன்றைக்கே அள்ளிப் புதைத்து விடுங்கள். பிள்ளைகள் சப்பாத்து போட்டுத்தான் விளையாட வேண்டும். இவ்வளவே.

உண்ணிக்கு ஒரு வார்த்தை. பெண் உண்ணி ஒன்று சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் சுத்தம் செய்து, படுக்கும் சாக்கையும் பலகை இடுக்கையும் விட்டுவிட்டால் பத்தே நாளில் பழைய கதைதான். அதற்காகத் தோட்டத்தில் மரத்துக்கு அடிக்கும் மருந்தில் கொஞ்சம் கொண்டுவந்து நாய்க்குத் தேய்க்கிறார்களே, அதைப்போல மடத்தனம் வேறில்லை. நாய் நக்கும், பிள்ளை நாயைத் தடவும். மண்ணெண்ணெயும் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் பிடரியில் விடும் சொட்டு மருந்து, வாய் வழி மாத்திரை இரண்டும் உண்டு.

தாய் நாய்க்கு வருவோம். இங்கேதான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. ஒரு பொட்டை நாய் வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு தடவை பருவத்துக்கு வரும். கர்ப்பம் சுமார் 63 நாள். ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி என்றாலும், ஒரே வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு குட்டிக்கு எங்கே வீடு தேடுவது? குட்டிகள் பால் மறந்த பிறகு, தாயின் மடி வற்றியதும், கருத்தடை அறுவை செய்துவிடுங்கள்.

அறுவைக்குச் செலவு ஆகும், மறைக்கவில்லை. கடுவனுக்குக் குறைவு, பொட்டைக்குக் கூடுதல். சில விலங்கு நலச் சங்கங்கள் குறைந்த விலையில் செய்ய உதவுவதுண்டு. கேட்டுப் பாருங்கள். லயத்தில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரே வேனில் நாய்களை ஏற்றிப் போனால் போக்குவரத்துச் செலவாவது பங்காகும். "ஒரு ஈத்தாவது போட்டாத்தான் ஒடம்புக்கு நல்லது" என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இல்லை. சின்ன வயதில் அறுவை செய்த பொட்டைக்கு மடிக்கட்டியும் கர்ப்பப்பைச் சீழும் வரும் ஆபத்து வெகுவாகக் குறையும்.

வாலிபக் கடுவனுக்கு வீடு கிடைக்கும். ஆனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். பட்டறைக்காரர் ஒருவர் வந்து 'காவலுக்கு வேணும்' என்பார். இரவும் பகலும் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப் போடப்போகிறாரா என்று கேளுங்கள். எப்போதும் கட்டிக் கிடக்கும் நாய்தான் ஒருநாள் சங்கிலி அறுந்தால் கண்ட ஆளைக் கடிக்கும். தரை வீடா, வேலி இருக்கிறதா, சொந்த வீடா வாடகையா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, பகலில் யார் இருப்பார், முன்னே வளர்த்த நாய் என்ன ஆனது? இவற்றை வெட்கப்படாமல் கேட்க வேண்டும். பெண் கொடுப்பதென்றால் இதைவிட அதிகம் விசாரிப்போம் அல்லவா? முன்னே வளர்த்தது 'எங்கேயோ ஓடிப்போச்சு', அதற்கு முன்னே வளர்த்ததும் 'ஓடிப்போச்சு' என்றால், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பக்கத்து வீட்டாரையும் நினைக்க வேண்டும். நம் நாட்டில் மலாய்க்கார அண்டை வீட்டார் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். அவர்கள் வாசலுக்கு நாய் போகாத வேலி உள்ள வீடாகப் பார்த்துக் கொடுத்தால் பின்னால் சண்டை வராது, நாய்க்கும் கல்லடி விழாது. லைசென்சு, வீட்டுக்கு எத்தனை நாய் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறுபடும். வாங்குபவர் தம் நகராண்மைக் கழகத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

இக்காலத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது சுலபம். பகல் வெளிச்சத்தில், நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். மேலே நின்று எடுத்த படத்தில் எந்த நாயும் திருட்டு நாய் மாதிரித்தான் தெரியும். கறுப்பு நாய்க்கு இது இன்னும் முக்கியம். வயது, ஊசி, அறுவை, பழக்கம் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். கோழி பிடிக்கும் நாயைப் 'பரம சாது' என்று கொடுத்தால் ஒரு வாரத்தில் திரும்பி வரும், அல்லது ஆற்றோரம் விடப்படும்.

கடியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நான் டிரஸராக இருந்ததற்கு அர்த்தமில்லை. நம் நாடு 2012-இல் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்று அனைத்துலக விலங்கு சுகாதார அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. ஆனால் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் செரியான் வட்டாரத்தில் தொடங்கியது, பின்னர் மாநிலத்தில் பரவி ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி வாங்கியது. தண்ணீரைக் கண்டு தொண்டை இழுக்கும் நிலை வந்துவிட்டால் எந்த ஆஸ்பத்திரியாலும் காப்பாற்றுவது அரிது. கடித்து ஒன்று முதல் மூன்று மாதம் கழித்துத்தான் பெரும்பாலும் நோய் வெளிப்படும். 'புண் ஆறிப்போச்சே' என்று ஏமாறக் கூடாது.

கடித்தாலும், நகத்தால் பிராண்டி இரத்தம் வந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாய்ப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நம் கணக்கில் பதினைந்து நிமிஷம் என்பது இரண்டு நிமிஷந்தான். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். பிறகு நேரே கிளினிக் அல்லது அரசாங்க ஆஸ்பத்திரி. ஊசி வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். தெரிந்த நாயானால் பத்து நாள் கட்டி வைத்துக் கவனித்து, கால்நடைச் சேவை இலாகாவுக்குத் தகவல் சொல்லுங்கள். பத்து நாளும் அது நலமாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் அந்தக் கிருமி இல்லை என்று பொருள். நாயைக் கொன்று புதைத்துவிட்டால் அதை எப்படித் தெரிந்துகொள்வது?

குழந்தைகளுக்கு மூன்று பாடம் போதும். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் இவற்றின் பக்கம் போகாதே. அந்நிய நாய் வந்தால் ஓடாதே. மரம் போல நில், கண்ணைப் பார்க்காதே. வாலை ஆட்டுகிறது என்று மட்டும் நம்பாதே. உடம்பு விறைத்து நின்றால் விலகு.

செம்பனைத் தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்று. எலி மருந்து தின்ற நாய்க்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நாலு நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வரும். இதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே1. மருத்துவரிடம் போகும்போது எலி மருந்துப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு போங்கள். வீட்டு மிச்சத்தில் வெங்காயம் போட்ட குழம்பையும், வேக வைத்த கோழி எலும்பையும் நாய்க்குப் போடக் கூடாது. வெங்காயம் அதன் இரத்தத்தை உடைக்கும். வெந்த எலும்பு சில்லு சில்லாய் உடைந்து குடலைக் குத்தும்.

மீதி இருப்பது அந்தப் பத்து வயதுக் கிழம். உண்மையைச் சொல்ல வேண்டும்: கிழட்டு நாயை முன்பின் தெரியாதவர் கேட்டு வாங்குவது அபூர்வம். அதை வாட்ஸ்அப்பில் தேடுவதைவிட, ஏற்கெனவே அதற்குத் தெரிந்த முகங்களைத் தேடுங்கள். தாமானில் தரை வீடு வாங்கிப் போன பழைய லயத்துக்காரர், கோயில் பக்கத்தில் குடியிருக்கும் உறவுக்காரர், பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகள் என்று யாராவது இருப்பார்கள். மாதம் ஒரு அரிசி மூட்டையில் பங்கு தருகிறேன் என்று சொன்னால் பலர் மறுக்க மாட்டார்கள்.

மூன்று நாயையும் லாரி வரும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே புது இடத்தில் சேர்த்துவிடுங்கள். அது படுத்துப் பழகிய சாக்கைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம். முதல் இரண்டு வாரம் கயிறில்லாமல் வெளியே விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், பழைய லயத்தைத் தேடி நெடுஞ்சாலையைத் தாண்டி ஓடி வரும். கழுத்துப் பட்டையில் புது வீட்டுக்காரரின் போன் நம்பரோடு உங்கள் நம்பரையும் எழுதுங்கள். ஒத்து வராவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களுக்கே போன் பண்ணச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சகோதரி, கிழத்துக்கு இடம் கிடைத்ததா என்று சங்கத்து முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்.